நிறுத்தப் பழக்கி விடுற டிரைவிங் ஸ்கூல்

டிரைவிங் ஸ்கூல்னாலே கிளட்ச், கியர், ரிவர்ஸ், டெஸ்ட்டுக்கு தேவையானது, அவ்வளவுதான், லைசென்ஸ் கைக்கு வந்துரும், ஆனா ரோட்டுல நடந்து வர்றவங்க குறுக்க வந்தா என்ன செய்யணும்னு பெரும்பாலும் யாரும் சொல்லித்தர்றதில்ல. ராம்நாட்டுல கார் பழகணும்னு கேக்குற எல்லார்ட்டயும் நான் இந்த ஸ்கூல சொல்றதுக்கு காரணமே அதுதான். இங்க வண்டிய நிறுத்துறதுதான் முதல் பாடம்.

முதல் கிளாஸ்ல வண்டியவே எடுக்கல. கிரவுண்டுல டேப் புடிச்சு 17 மீட்டர் அளக்கச் சொன்னாக மாஸ்டர். "60ல போற வண்டி ஒரே செகண்டுல கிட்டத்தட்ட இவ்வளவு தூரம் போயிரும்மா, ஆள பாத்து கால் பிரேக்குக்கு போறதுக்கே அந்த செகண்டு ஆயிரும், அதுக்கப்புறந்தான் வண்டி வேகமே குறையும்"னாக. 30ல போனா அதே செகண்டுக்கு 8 மீட்டர் சொச்சம்தான். வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் புடிச்சு நிக்கிற தூரம் நாலு மடங்கு ஆகும்னு தரையிலயே கோடு போட்டு காட்டுனாக, அத கண்ணால பாத்ததுல இருந்து உச்சிப்புளி பஸ் ஸ்டாப் வந்தாலே என் கால் தானா ஆக்சிலேட்டர விட்டு வந்துருது.

ஜீப்ரா கிராசிங் விஷயத்துல மாஸ்டர் ரொம்ப கறார். சிக்னல் இல்லாத கிராசிங்ல வேகத்த குறைச்சு, நின்னு, நடக்குறவங்களுக்கும் சக்கர நாற்காலில வர்றவங்களுக்கும் வழி விடணும்னு 2017ல வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் விதியிலயே இருக்கு, முன்னாடி டிராஃபிக் அடைச்சு நின்னா கிராசிங் மேல கொண்டுபோய் வண்டிய நிறுத்தவும் கூடாது. பக்கத்துல ஒரு வண்டி கிராசிங்ல நிக்குதுன்னா அத தாண்டிப் போகவே கூடாதுங்கிறத திரும்பத் திரும்ப சொன்னாக, ஏன்னா அது யாருக்காக நிக்குதோ அவங்க அந்த வண்டிக்கு அந்தப் பக்கம் மறைஞ்சு நிப்பாங்க, நம்ம கண்ணுக்கு தெரிய மாட்டாங்க. பஸ் நின்னாலும் இதே கதைதான், இறங்குன புள்ளைங்க பஸ்ஸுக்கு முன்னாடி பூந்துதான் ஓடும்.

லைட் அடிக்கிறத பத்தி சொன்னது எனக்கு புதுசு. ஓட்டுறவர் "நான் வர்றேன், ஒதுங்கு"ன்னு நினைச்சு லைட் அடிப்பாரு, ரோட்டோரம் மீன் கூடையோட நிக்கிற அம்மாவுக்கு அது "நீ போம்மா"ன்னு படும், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கிளம்பிருவாங்க. அதனால லைட் அடிக்காத, வேகத்த குறைச்சு நின்னு காட்டுன்னாக. நேரா போறதுக்கு நாலு இண்டிகேட்டரையும் போடுற பழக்கம் நம்ம ஊர்ல நெறய பேருக்கு இருக்கு, அதையும் முதல் வாரத்துலயே நிறுத்திட்டாக. அது வண்டி பழுதாகி நிக்கும்போது போடுறது.

பாம்பன் ரோடு பாலத்துல ஓட்ட விட்டாக. 2025ல புது ரயில் பாலம் திறந்ததுல இருந்து போட்டோ எடுக்க ரோட்டுலயே இறங்குற கூட்டம் ஓயாது, காரு கதவு எந்தப் பக்கம் திறக்கும்னே சொல்ல முடியாது, அங்க பொறுமையா உருட்டிட்டுப் போகணும். தனுஷ்கோடி ரோட்டுல காத்துக்கு மணல் ஏறிக் கிடக்கும், அதுல சடார்னு பிரேக் அடிச்சா வண்டி வழுக்கும், ஆள் நடமாட்டம் தெரிஞ்சா தூரத்துல இருந்தே குறைச்சுரணும்.

எனக்கு ரொம்ப புடிச்சது ஈசிஆர்ல கீழக்கரை தாண்டி எங்கள காரவிட்டு இறக்கி நடக்க விட்டது. நடைபாதை இல்லாத ரோட்டுல வலது ஓரமா, எதிர்ல வர்ற வண்டிய பாத்த மாதிரி நடக்கணும். சீமைக்கருவேலம் ரோடு வரைக்கும் சாஞ்சு கிடக்கிற எடத்துல நடக்குறவங்களுக்கு ஒதுங்கவே எடம் இல்லங்கிறது அப்பதான் புரியுது, ஓட்டுறவங்க ஒவ்வொருத்தரும் ஒரு தடவ இப்படி நடந்து பாக்கணும். விடியக்காலைல கடலுக்குப் போறவங்க கையில டார்ச்சோ மேல வெளுப்பா ஒரு துண்டோ இருந்தா தூரத்துல இருந்தே தெரியும்னு மாஸ்டர் சொன்னத எங்க வீட்டு ஆளுகளுக்கும் சொல்லிட்டேன்.

குறையும் இருக்கு. ராத்திரி கிளாஸ் கிடையாது, எதிர் வண்டிக்கு டிம் பண்றதெல்லாம் பகல்ல வாயாலதான் சொல்லித்தர்றாக, நம்ம ரோட்டுக்கு இது பத்தாது. அதவிட பெரிய குறை, டூவீலர் பழக வர்றவங்களுக்கு இந்த டேப் கிளாஸ் இல்ல, 8 போட பழக்கி அனுப்பிர்றாக, தெருவுக்குள்ள முறுக்கிட்டுப் போறது அந்தப் பயலுகதான், அவங்களுக்குத்தான் முதல்ல வேணும். நேர்லயே சொல்லிட்டு வந்தேன், பாக்கலாம்னாக.

ஃபீஸ் மத்த எடத்த மாதிரிதான். எல்எல்ஆர் எடுத்து 30 நாள் கழிச்சுத்தான் டெஸ்ட்டுக்கு போக முடியும், அந்த ஒரு மாசத்த முழுசா பயன்படுத்திக்கங்க. காலை பேட்ச் சீக்கிரம் நிரம்பிரும், சேரும்போதே கேட்டு போட்டுக்கங்க.