மாதாந்தரத் தொழிலாளர் ஆய்வறிக்கை: ஐந்துக்கு மூன்று மதிப்பெண்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சங்கக் கணக்கு எழுதும் எனக்கு, நாட்டில் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது, எத்தனை பேருக்கு இல்லை என்று சொல்லும் மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் இந்த அறிக்கை இலவசமாகக் கிடைப்பதே நிம்மதி. 2017இல் தொடங்கிய ஆய்வு, 2025 முதல்தான் மாதந்தோறும் வருகிறது. தொழிலாளர் புள்ளிவிவரம் பற்றிய, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 160ஆம் உடன்படிக்கையை நாம் ஏற்றதோ 1992இல்!

வாரத்தில் ஒரு மணி நேரம் உழைத்தாலே வேலையில் இருப்பவர் என்று கணக்கு. உலக வரையறையே அதுதான். இருந்தாலும் எங்கள் ஒப்பந்தத் தொழிலாளியிடம் சொன்னால் சிரிப்பார். வீட்டுத் தேவைக்கு மட்டும் பயிரிடுபவரையும் இங்கே சேர்க்கிறார்கள். தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 2013 ஜெனிவா சர்வதேச மாநாடு அந்த உழைப்பை வேலைவாய்ப்புக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டது. ஒப்பிடுகிறவர்கள் கவனிக்கவும்.

மாத அறிக்கையில் அகில இந்திய எண்கள் மட்டுமே. தமிழ்நாடு வேண்டுமென்றால் காலாண்டு அறிக்கையை எடுங்கள். சங்கக் கூட்டத்துக்கு நான் அச்செடுப்பது அதைத்தான்.