உப்புக் காற்றும் நான்கு கம்பியும்: திருகோணமலையில் ஒரு பேஸ் கிற்றாரின் பாவனை அனுபவம்

புதிதாக பேஸ் கிற்றார் வாங்க நினைக்கும் தம்பிமார் என்னிடம் கேட்பது பிராண்டையும் விலையையும்தான். நான் திரும்பக் கேட்பது, எங்கே வாசிக்கப் போகிறாய், வீட்டில் எந்த அறையில் வைக்கப் போகிறாய் என்று. கொழும்பில் ஏசி போட்ட ஸ்டூடியோவுக்குள் இருக்கும் பேஸ் ஒரு மாதிரி வயதாகும். திருகோணமலையில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், சீற் கூரைக்குக் கீழே இருக்கும் பேஸ் இன்னொரு மாதிரி வயதாகும். பெட்டியைப் பிரித்த கையோடு எழுதும் விமர்சனங்களில் இந்த வித்தியாசம் வராது. கோவில் திருவிழா, கலியாண வீடு, உப்புவெளி நிலாவெளிப் பக்கத்து ஹொட்டல் நிகழ்ச்சி என்று பல வருடம் தூக்கித் திரிந்த சாமான்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். பற்றரி இல்லாத பாசிவ் பேஸ், தட்டையான நாடா சுற்றிய ஃபிளாட்வவுண்ட் கம்பி, பேஸின் சத்தத்தை நேரே சவுண்ட்ஸ்காரருக்கு அனுப்பும் ஒரு டிஐ பொக்ஸ். எங்கள் ஊருக்கு இந்த மூன்றும் போதும். மற்றதெல்லாம் காசு மிஞ்சினால் பிறகு பார்க்கலாம்.

என்னுடையது யமஹா டிஆர்பிஎக்ஸ் 174. பழகத் தொடங்குபவர்களுக்கென்று விற்கப்படும் பேஸ் என்பதால் பலர் இதை ஒரு படி இறக்கிப் பார்ப்பார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), கழுத்தில் சுரங்களைப் பிரிக்கும் 24 ஃபிரெட், கழுத்துப் பக்கம் பிரசிஷன் பேஸ் பாணியில் இரண்டாகப் பிளந்த பிக்அப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்), கம்பிகளை உடலில் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் ஜாஸ் பேஸ் பாணியில் ஒற்றைச் சுருள் பிக்அப். லியோ ஃபென்டர் 1951 இல் பிரசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். அந்தப் பிளந்த பிக்அப் 1957 இல் வந்தது. ஜாஸ் பேஸ் 1960 இல். இத்தனை வருடம் கழித்தும் உலகத்துப் பதிவுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு சத்தங்களுக்குள்தான் ஓடுகின்றன என்று எனக்குத் தோன்றும். அவை இரண்டும் ஒரே மரத்தில், குறைந்த விலையில் கிடைப்பது பெரிய விஷயம்.

நடைமுறையில் நான் தொடுவது கழுத்துப் பக்கத்துப் பிக்அப்பைத்தான். காரணம் ரசனை மட்டும் இல்லை, கரண்டும்தான். கோவில் வீதியில் மேடை போட்டால் ஜெனரேற்றர், ரியூப் லைற், அலங்கார விளக்கு எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும். ஒற்றைச் சுருள் பிக்அப் இவை எல்லாவற்றையும் பிடித்து இரையும். பிளந்த பிக்அப்பின் இரண்டு சுருள்களும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை, அதனால் ஒன்றில் வரும் இரைச்சலை மற்றது அழித்துவிடும். எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பேஸின் தடித்த கம்பியில் மூன்றாம் ஃபிரெட்டில் வரும் ஜீ சுரம் 49 ஹேர்ட்ஸ். அதாவது இரைச்சல் வந்து உட்காருவது எங்கள் வேலை செய்யும் இடத்திலேயேதான். ஜீ ஸ்கேல் (சுருதி) பாட்டில் அது ஒளிந்துகொள்ளும். வேறு ஸ்கேலுக்கு மாறியதும் பக்கத்தில் ஒருவர் பிழையான சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் கேட்கும்.

பாசிவ் பேஸை நான் மெச்சுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 9 வோல்ற் பற்றரி போடும் ஆக்டிவ் பேஸில் முன்அம்ப்ளிபயர் ஒன்று உள்ளே இருக்கும். சத்தம் தெளிவு, டோனை நினைத்தபடி வளைக்கலாம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உப்புக் காற்று முதலில் கை வைப்பது பற்றரி தொடும் அந்தச் சின்னத் தகட்டில்தான். பச்சை பூத்தால் பாட்டு நடுவில் சத்தம் நிற்கும். பாசிவ் பேஸில் துரு பிடிக்கக்கூடியதெல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ஜாக்கையும் வொல்யூம் குமிழ்களையும் இடைக்கிடை கொன்டாக்ட் கிளீனர் அடித்து ஆட்டிவிட்டால் சரி. பிரிட்ஜில் உள்ள குட்டி அலன் ஸ்குரூக்களுக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் இரண்டு மூன்று மாரியில் அவை இறுகிவிடும். பிறகு கம்பியின் உயரத்தை மாற்றவே முடியாது.

கழுத்து மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாடை மழை தொடங்கினால் காற்றில் ஈரம் ஏறும், கச்சான் அடிக்கும் மாதங்களில் சூடும் வறட்சியும். மரம் இரண்டுக்கும் அசையும். பருவம் மாறும்போது நான் முதல் ஃபிரெட்டையும் உடலோடு கழுத்து சேரும் இடத்து ஃபிரெட்டையும் அழுத்திக்கொண்டு, ஏழாம் எட்டாம் ஃபிரெட் பக்கம் கம்பிக்குக் கீழே எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பேன். ஒரு விசிட்டிங் கார்ட் தடிப்பு, ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் இருந்தால் தொட மாட்டேன். கூடினாலோ குறைந்தாலோ கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டான டிரஸ் ரொட்டை கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு இரவு விட்டுத் திரும்பப் பார்ப்பேன். இந்த வேலைக்கு ஒருவரைத் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. ஒரு அலன் கீயும் பொறுமையும் போதும்.

இனிக் கம்பி. ஒரு பேஸின் சத்தத்தில் பெரும் பங்கு கம்பியில் இருக்கிறது என்பதை இந்த ஊரில் வாசிப்பவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரவுண்ட்வவுண்ட் கம்பியில் சுற்றுக்கம்பி உருண்டையாக இருப்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் பள்ளம் இருக்கும். வியர்வை, எண்ணெய், உப்பு எல்லாம் அதற்குள் போய்த் தங்கும். கடற்கரையில் இரண்டு நிகழ்ச்சி செய்தால் பளபளப்பான அந்த மேல் சத்தம் செத்துவிடும். கழற்றிக் கொதிநீரில் போட்டு எடுப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. சில நாளைக்கு உயிர் வரும், பிறகு பழைய கதைதான். 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரை ஏறிய பிறகு, அடிக்கடி கம்பி மாற்றுவது என்ற பேச்சே எங்கள் குழுக்களில் நின்றுபோனது.

நான் போட்டிருப்பது டடாரியோ குரோம்ஸ் ஃபிளாட்வவுண்ட், 45 இல் இருந்து 100 வரையான தடிப்பு (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). மேலே சுற்றப்பட்டிருப்பது தட்டையான நாடா, ஆகவே மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும், உப்பு தங்கப் பள்ளம் இல்லை. வாசித்து முடிந்ததும் துணியால் கீழிருந்து மேலாக நன்றாகத் துடைத்தால் வருடக்கணக்கில் நிற்கிறது. விலை சாதாரணக் கம்பியைவிடக் கூட. ஆனால் எத்தனை செற் ரவுண்ட்வவுண்டுக்கு ஈடு என்று கணக்குப் போட்டால் எனக்கு இலாபம்தான். கம்பியின் இழுவிசையும் சற்றுக் கூட, போட்டவுடன் டிரஸ் ரொட்டைப் பார்க்க வேண்டி வரும்.

சத்தம்? தடிப்பாகவும் உருண்டையாகவும் இருக்கும். விரல் நகரும் கீறல் சத்தம் கேட்காது. அமெரிக்காவின் மோட்டவுன் இசைக் கம்பனியின் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது ஃபிளாட்வவுண்டில்தான், அதுவும் வலது கை ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே. கம்பி அறுந்தால் ஒழிய மாற்றாதவர் என்று பெயர். பாப் மார்லியோடு வாசித்த ஆஸ்டன் பேரட்டும் அதே வகைக் கம்பிதான். ஹெவி மெற்றல் குழுவான அயன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸும் ஃபிளாட்வவுண்ட்தான் என்றால் நம்பச் சிலர் மறுப்பார்கள். அவர் 50 இல் தொடங்கி 110 வரை போகும் தடித்த செற்றில், புதுக் கம்பியின் கூர்மையோடு, குதிரை ஓட்டம் போன்ற வேகத் தாளத்தை விரலாலேயே வாசிக்கிறார். ஒரே வகைக் கம்பி மூன்று கைகளில் மூன்று சத்தம்.

குறை இல்லாமல் இல்லை. கட்டைவிரலால் கம்பியை அடித்து ஸ்லாப் வாசிப்பவர்கள் இந்தக் கம்பி பக்கம் வரவே வேண்டாம். இன்னொன்று, இப்போதெல்லாம் எங்கள் நிகழ்ச்சியை நேரில் கேட்பவர்களைவிட போனில் பார்ப்பவர்கள் கூட. தடித்த கம்பியை ஃபிரெட்டில் அழுத்தாமல் அடித்தால் வருவது 41 ஹேர்ட்ஸ். போன் ஸ்பீக்கரால் அதைக் கொடுக்கவே முடியாது. மேலே உள்ள இரட்டைப் பங்கு, மூன்று பங்கு அதிர்வுகளைக் கேட்டுத்தான் காது கீழ்ச் சுரத்தை ஊகித்துக்கொள்ளும். ஃபிளாட்வவுண்டில் அந்த மேல் அதிர்வுகள் குறைவு, அதனால் போனில் பேஸே இல்லாத மாதிரி இருக்கும். அம்ப்பில் சத்தத்தைக் கரகரக்க வைக்கும் ஓவர்டிரைவை மிக மெல்லியதாகத் திறந்துவிட்டால் அது திரும்பி வரும். மேடையில் நிற்பவருக்கு அந்தக் கரகரப்பு தெரியாது, போனில் கேட்பவருக்கு பேஸ் விளங்கும்.

அம்ப் ஃபென்டர் ரம்பிள் 40. பத்து அங்குல ஸ்பீக்கர், 8 கிலோ சொச்சம், ஒரு கையால் தூக்கி ஓட்டோவில் வைக்கலாம். ஒத்திகைக்கும் சின்ன மண்டபத்துக்கும் அளவானது. திறந்த கடற்கரைக்கு 40 வாட் போதாது, அதற்காகச் செய்யப்பட்டதும் இல்லை. 41 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீற்றருக்கு மேல். சுவரில்லாத இடத்தில் அது போய்க்கொண்டே இருக்கும். அங்கே சவுண்ட்ஸ்காரரின் பெரிய ஸ்பீக்கரில்தான் பேஸ் வர வேண்டும், அதற்கு டிஐ பொக்ஸ். அம்ப்பின் பின்னாலும் எக்ஸ்எல்ஆர் (மைக் வயர் செருகும்) வெளியீடு இருக்கிறது. ஆனாலும் தனி டிஐ ஒன்றைப் பையில் வைத்திருப்பது நல்லது. சவுண்ட்ஸ்காரர் நிற்கும் இடம் வரைக்கும் நீண்ட வயரில் சத்தம் சேதமில்லாமல் போகும். ஜெனரேற்றர் இரைச்சல் வந்தால் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரைச்சலை நிறுத்துவதற்கு பிளக்கின் எர்த் காலை உடைப்பதும் வெட்டுவதும் இன்னும் நடக்கிறது. மழை ஈரமான மேடையில், கையில் கிற்றாரோடு பாடகர் மைக்கில் உதடு வைக்கும்போது அது உயிரைக் கொண்டுபோகக்கூடிய காரியம். கிரவுண்ட் லிஃப்ட் வெட்டுவது சிக்னல் வயரின் எர்த்தை மட்டும். பிளக்கைத் தொட வேண்டாம், யார் சொன்னாலும்.

2022 மின்வெட்டுக் காலத்தில், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாதபோது, கிற்றாரின் தலையை அலுமாரிக் கதவில் முட்டக் கொடுத்து வாசிப்பேன். பலகை அதிர்ந்து சத்தம் கூடும். பயிற்சிக்கு அது தாராளம், இப்போதும் இரவில் அப்படித்தான்.

பிடித்த குழுக்களைப் பற்றிக் கேட்டால் நான் எங்கள் நாட்டு ஆட்டப் பாட்டான பைலாவில் தொடங்குவேன். பேஸ் வாசிக்கும் பெடியள் பலர் அதை இலேசானது என்று தள்ளிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஆறு-எட்டுத் தாளத்தில் வேர்ச் சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் வைத்து ஒரு மண்டபத்தை ஆட வைப்பது, சுரத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. நீள விட்டால் ஆட்டம் சோர்ந்துவிடும். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிக்குக் கீழே ஒரு சின்னத் துண்டு ஸ்பொஞ்ச் செருகினால் சுரம் தானாகக் குறுகும். இந்தத் தாளம் போர்த்துக்கீசர் வழியாக வந்த கஃபிரிஞ்ஞா என்ற ஆட்ட இசையில் இருந்து வளர்ந்தது. கிழக்கிலங்கைப் பறங்கியர் குடும்பங்களில் அது இன்றும் வாழ்கிறது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழ்ப் பொப்பிசைக்குக் கொண்டுவந்த துள்ளலும் அதே ஊற்றுத்தான். மனோகரன் 2018 இல் மறைந்தார். அவருடைய பாட்டைக் கேட்காமல் முடிந்த கலியாண வீடு என் நினைவில் இல்லை. சுனில் பெரேராவின் ஜிப்சீஸ் என்ற சிங்களப் பைலாக் குழுவை மொழி தெரியாத வயதிலேயே தாளத்துக்காகக் கேட்டு வளர்ந்தேன்.

ஹொட்டல் பக்கம் போனால் ரெகே, பாப் மார்லியின் இசை. அந்தத் தாளத்தில் டிரம்ஸ் முதல் அடியை வெறுமையாக விட்டு மூன்றாம் அடியில் விழும். பேரட் அந்த வெறுமையைச் சுற்றித் தன் வரியை எழுதுவார், பாட்டின் மெட்டு மறந்தாலும் பேஸ் மறக்காது. 2024 பெப்ரவரியில் அவர் இறந்த செய்தி வந்த கிழமை நாங்கள் ஒத்திகையில் வேறு எதையும் வாசிக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே எனக்கு இளையராஜா. அவருடைய எண்பதுகளின் பாடல்களை ஹெட்போனில் போட்டு, பாடகரை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். பாடகர் மூச்சு எடுக்கும் இடத்தில் பேஸ் பேசத் தொடங்கும், அவர் திரும்ப வந்ததும் வழிவிடும். அந்த வரிகளைத் தாளில் எழுதிக் கொடுப்பவர் இளையராஜா, பல காலம் வாசித்தவர் சசிதரன். இவற்றை ஃபிளாட்வவுண்டில் வாசிக்கும்போதுதான் என் பேஸ் சரியான வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். ஏ. ஆர். ரகுமானின் பாடல்களில் கீத் பீற்றர்ஸ், இந்தியன் ஓஷன் குழுவில் பாடிக்கொண்டே வாசிக்கும் ராகுல் ராம், இவர்கள் இருவரையும் தனியாக எழுத வேண்டும்.

பழைய பேஸ் வாங்கப் போகிறவர்களுக்கு: முதலில் டிரஸ் ரொட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று பாருங்கள், விற்பவர் விடாவிட்டால் வாங்காதீர்கள். அப்புறம் பிரிட்ஜ் ஸ்குரூ. ஜாக்கில் வயரைச் செருகி மெல்ல ஆட்டிக் கேளுங்கள். கம்பி துருப்பிடித்திருந்தால் கவலை வேண்டாம், அதை எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள்.