அமெரிக்காவில் வீடு விற்பவர்கள் கவனத்துக்கு: ‘உடனடி ரொக்க ஆஃபர்’ தளங்களில் எங்கே அடி விழுகிறது

வேலை மாறி வேறு மாநிலம் போகிறவர்கள், லே-ஆஃபுக்குப் பிறகு ஊர் திரும்புகிறவர்கள் எல்லாரும் அவசரத்தில் முதலில் தேடுவது, முகவரியைத் தட்டினால் விலை சொல்லும் தளங்களைத்தான். ரிப்பேர் பார்க்க வேண்டாம், ஆட்கள் வந்து வீட்டைப் பார்க்க வேண்டாம், ஏஜென்ட் கமிஷன் வேண்டாம், இரண்டு வாரத்தில் பணம் என்பார்கள். ஒழுங்காகப் பணம் வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. ஆனால் ஒரே மாதிரி தெரியும் பக்கங்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் ஒரே ரகமில்லை.

ஓப்பன்டோர், ஆஃபர்பேட் போன்றவை வீட்டைத் தாங்களே வாங்கி மறுவிற்பனை செய்யும் பெரிய கம்பெனிகள். ஜில்லோ இந்தத் தொழிலை 2021 நவம்பரிலும், ரெட்ஃபின் 2022 நவம்பரிலும் மூடுவதாக அறிவித்தன. கைதேர்ந்தவர்களே விலை கணிப்பதில் தடுமாறுகிற வியாபாரம் என்பதால், அந்தத் தடுமாற்றத்துக்கான காப்பு உங்கள் விலையிலிருந்துதான் கழிகிறது. சந்தையில் விற்பதைவிடக் கூடுதலாகக் கையில் நிற்கும் என்று ஓப்பன்டோர் செய்த ஒப்பீட்டு விளம்பரங்கள் தவறானவை, அதனிடம் விற்ற பெரும்பாலோர் ஆயிரக்கணக்கான டாலர் இழந்தார்கள் என்று நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது. 2022 ஆகஸ்டில் அந்தக் கம்பெனி 6.2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இங்கே ஆஃபர் தொகையைப் பார்த்து மகிழ வேண்டாம், கழிவுகளைப் பாருங்கள். 4,00,000 டாலர் ஆஃபரில் 5 சதவீதம் சேவைக் கட்டணம் என்றால் 20,000 போச்சு. க்ளோசிங், அதாவது பத்திரம் மாறி விற்பனை முடியும் கட்டத்துக்கான செலவு 1 சதவீதம் என்று வைத்தால் 4,000. பிறகு ஆள் வந்து பார்த்துவிட்டு கூரை, ஏசி, கார்ப்பெட் என்று 12,000 கழித்தால் மிஞ்சுவது 3,64,000. இதே கணக்கை ஏஜென்ட் மூலம் விற்றால் என்ன வரும் என்று உள்ளூர் ஏஜென்ட் இருவரிடம் எழுத்தில் வாங்கி, கடைசியில் கையில் நிற்கும் தொகையோடு தொகையை ஒப்பிடுங்கள். ரிப்பேர் கழிவு வந்த பிறகும் அபராதமில்லாமல் விலகலாமா என்று ஒப்பந்தத்தில் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையான ஆபத்து அடுத்த ரகத்தில். ‘ஹோல்சேலர்’ என்று தொழிலில் சொல்லப்படும் இவர்களிடம் பெரும்பாலும் வாங்கப் பணமே இருக்காது. உங்களோடு போட்ட ஒப்பந்தத்தை இன்னொரு முதலீட்டாளருக்குக் கைமாற்றி, நடுவில் ஒரு தொகை பார்ப்பதுதான் தொழில். கணக்கு இப்படி ஓடும்: புதுப்பித்த பின் வீட்டின் விலை 4,00,000. அதில் 70 சதவீதம் 2,80,000. ரிப்பேருக்கு 40,000 கழித்தால் முதலீட்டாளர் கொடுக்கத் தயாராக இருப்பது 2,40,000. நடுவில் இருப்பவருக்கு 15,000. ஆக உங்களிடம் கேட்பது 2,25,000. இதை யாரும் மறைப்பதுகூட இல்லை, சொல்வதில்லை, அவ்வளவுதான்.

விலை குறைவு என்று தெரிந்தே அவசரத்துக்கு விற்பது உங்கள் விருப்பம். பிரச்சினை, அந்த விலையும் நிலைக்காது. ஒப்பந்தத்தில் வாங்குபவர் பெயருக்குப் பக்கத்தில் ‘அண்ட்/ஆர் அசைன்ஸ்’ என்று இருந்தால் கைமாற்றும் உரிமை அங்கே இருக்கிறது. முன்பணம் 10 டாலர், 100 டாலர் என்று இருக்கும். சாதாரண விற்பனையில் விலையில் 1 முதல் 3 சதவீதம் வரை, வீட்டு உரிமையைச் சரிபார்த்துப் பணத்தை இடையில் வைத்திருக்கும் டைட்டில் கம்பெனியில் கட்டுவது வழக்கம். இன்ஸ்பெக்ஷன் காலம் 30 நாள், 45 நாள் என்று நீளும். அதுவரை அவர் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம், நீங்கள் விலக முடியாது. அந்த நாட்களில் உங்கள் வீட்டை முதலீட்டாளர்களிடம் விலை பேசிக்கொண்டிருப்பார். ஆள் கிடைக்காவிட்டால் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது விலைக்குறைப்பு வரும். டாலஸ் பக்கத்துக் களிமண் நிலத்தில் ‘ஃபவுண்டேஷன்’ (அஸ்திவாரம்) என்ற ஒரு சொல் போதும், 30,000 குறைக்கச் சொல்வார்கள். அதற்குள் நீங்கள் சாமான் கட்டி, டிக்கெட்டும் போட்டிருப்பீர்கள். அது அவர்களுக்கும் தெரியும்.

முடியாது என்று வேறு ஆளுக்கு விற்கப் போனால் அடுத்த வில்லங்கம் தெரியவரும். ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது என்று ‘மெமோரண்டம்’ ஒன்றைக் கவுண்டியின் (மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம்) பதிவகத்தில் ஏற்றியிருப்பார்கள். அதை நீக்கும்வரை புது வாங்குபவருக்கு, உரிமையில் வில்லங்கம் வந்தால் ஈடு தரும் டைட்டில் இன்சூரன்ஸ் கிடைப்பது கடினம். நீக்கித்தரப் பணம் கேட்பார்கள்.

ஆகவே கையெழுத்துக்கு முன்பே சேர்க்கச் சொல்ல வேண்டியவை: விற்பவரின் எழுத்துச் சம்மதமின்றிக் கைமாற்றக் கூடாது, மெமோரண்டம் பதியக் கூடாது, இன்ஸ்பெக்ஷன் 7 நாள், அதன் பிறகு முன்பணம் திரும்பாது. வாங்குபவர் பெயரிலேயே, பணம் இருக்கிறது என்று காட்டும் சமீபத்துத் தேதியிட்ட வங்கிக் கடிதம் கேளுங்கள். அதில் உள்ள ஃபோன் எண்ணை விட்டுவிட்டு வங்கியின் பொது எண்ணில் கூப்பிட்டு உறுதிசெய்யுங்கள். டைட்டில் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுங்கள். இந்த நிபந்தனைகளைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிடுகிறவரிடம் மேலே விசாரிக்க ஒன்றுமில்லை. உள்ளூர் ரியல் எஸ்டேட் வக்கீல் ஒருவர் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல வாங்கும் கட்டணம், இதில் போகக்கூடிய பணத்துக்கு முன் ஒன்றுமே இல்லை.

‘சப்ஜெக்ட் டூ’ என்று யாராவது பேசினால் எழுந்துவிடுவது நல்லது. வீட்டுப் பத்திரம் அவர் பெயருக்குப் போகும், கடன் உங்கள் பெயரில் கிடக்கும். அவர் தவணை கட்டாவிட்டால் கெடுவது உங்கள் கிரெடிட். உரிமை மாறியது தெரிந்தால் முழுக் கடனையும் உடனே கேட்க வங்கிக்கு உரிமையும் உண்டு.

விற்கும் எண்ணமே இல்லாதவர்களையும் விடுவதில்லை. எம்.வி. ரியால்டி என்ற நிறுவனம் சில நூறு முதல் சில ஆயிரம் டாலர் கையில் கொடுத்து, 40 வருடத்துக்கு வீட்டை விற்றுத்தரும் உரிமையை எழுதி வாங்கி, அதைக் கவுண்டியிலும் பதிந்தது. 2022 முதல் ஃப்ளோரிடா உட்படப் பல மாநிலங்கள் அதன்மேல் வழக்குப் போட்டன.

இந்தியா திரும்புகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. விற்கும் நாளில் நீங்கள் வரிக்கணக்கில் வெளிநாட்டவர் ஆகியிருந்தால், ‘ஃபிர்ப்டா’ சட்டப்படி விற்பனை விலையில் 15 சதவீதம் பிடித்து வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்குப் போகும். லாபத்தில் இல்லை, மொத்த விலையில். 4,00,000 என்றால் 60,000. தான் குடியிருக்க வாங்கும் தனிநபருக்கு 3,00,000 வரை விலக்கு, 10 லட்சம் வரை 10 சதவீதம் என்ற சலுகை உண்டு. கம்பெனி வாங்கினால் இரண்டும் கிடையாது. உண்மையான வரி குறைவாக இருக்குமென்றால் பிடித்தத்தைக் குறைக்கக் கேட்கும் 8288-பி படிவத்தை க்ளோசிங் நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். தவறினால் கூடுதலாகப் பிடித்த பணத்துக்குப் பெரும்பாலும் அடுத்த வருட வரிக்கணக்கு தாக்கல் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் முதலில் கவுண்டி பதிவகத்தின் தளத்தில் உங்கள் பெயரைப் போட்டு மெமோரண்டம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் உள்ள க்ளோசிங் தேதி தாண்டியும் அவர் பணம் கட்டவில்லை என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்ய என்ன அறிவிப்பு தர வேண்டும் என்று வக்கீலிடம் கேட்டு, அதை எழுத்தில் அனுப்பி, ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவிலும் ரியல் எஸ்டேட் உரிமம் தரும் கமிஷனிலும் புகார் கொடுக்கலாம். இலினாய், ஓக்லஹோமா போன்ற சில மாநிலங்களில் இந்தத் தொழிலுக்கே உரிமம் தேவை. உரிமமில்லாமல் பிடிபட்டவர் சீக்கிரம் இறங்கி வருவார்.