இன்ஜின் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்

பழைய டீசல் பிக்கப் வாங்கப் போகிறவர்கள், முக்கியமாக டிரெய்லர் இழுக்க வாங்குகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் ஏமாந்து நான்கு மாதம் ஆகிறது. விற்றவர் யார், வண்டி எந்தக் கம்பெனி என்றெல்லாம் எழுதப் போவதில்லை. எந்தக் கம்பெனி வண்டியிலும் இதே வேலையைச் செய்யலாம்.

எனக்குத் தேவை இரண்டு. தினமும் வேலைக்கு ஆறு கிலோமீட்டர் போய்வர வேண்டும். மாதத்தில் மூன்று நான்கு முறை ஜெனரேட்டர் ஏற்றிய இரண்டு டன் டிரெய்லரை இழுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே வண்டி போதும் என்று தேடியபோது இது கண்ணில் பட்டது. மீட்டரில் 1,12,000 கிலோமீட்டர், ஒரே ஓனர், பெயின்ட் பளபளப்பு.

"கிளம்பும்போது ஒரு போன் பண்ணுங்க சார், வண்டியை வெளிய எடுத்து வைக்கிறேன்" என்றார் விற்றவர். எவ்வளவு மரியாதையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். போன் பண்ணிவிட்டுத்தான் போனேன். பானெட்டைத் திறந்தால் உள்ளே இருந்து அனல் முகத்தில் அடித்தது. "இப்பத்தான் கழுவிட்டு வந்தேன் சார்" என்றார். டயர்கள் ஈரமாக இருந்தன, நானும் நம்பினேன். கழுவுகிற இடம் அடுத்த தெருவில்தான் என்றும் அவரே சொன்னார். அடுத்த தெருவுக்குப் போய்வந்த வண்டிக்கு அவ்வளவு அனல் எங்கிருந்து வரும் என்று அப்போது தோன்றவே இல்லை.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை நசுக்கும்போது வருகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். அந்த நசுக்கும் அழுத்தம் (கம்ப்ரஷன்) குறைந்திருந்தாலும், ஆறின இன்ஜினுக்குச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் போயிருந்தாலும், டீசலைப் பீய்ச்சும் நாசில் சொட்டினாலும் அது முதலில் தெரிவது ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போன இன்ஜினில்தான். சாவியைத் திருப்பினால் இழுத்துக்கொண்டே இருக்கும், பிடித்த பிறகும் குலுங்கும். வெள்ளைப் புகை வந்து சீக்கிரம் நிற்காது. கண் எரிகிற நெடி வந்தால் எரியாத டீசல், லேசான இனிப்பு வாடை வந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எரிகிறது. நீலமாக வந்தால் ஆயில். இருபது நிமிடம் ஓட்டிச் சூடேற்றி வைத்துவிட்டால் இதில் பாதி காணாமல் போய்விடும். அவர் போன் பண்ணச் சொன்னது அதற்குத்தான்.

ஓட்டிப் பார்க்கச் சொன்னார். உட்கார்ந்ததும் அவரே பாட்டுப் போட்டுவிட்டார். சமமான ரோடு, காலி வண்டி, பத்து நிமிடம். டர்போ பிடித்ததும் முதுகை சீட்டோடு அழுத்தியதில் நான் விழுந்துவிட்டேன், உண்மையைச் சொல்ல வேண்டுமே.

கண்ணில் பட்டும் நானே சமாதானம் சொல்லிக்கொண்ட விஷயங்கள் இன்னொரு பக்கம். சைலன்சர் குழாய்க்குள் விரலை விட்டேன், மை போலக் கரி ஒட்டியது. டீசல் என்றால் கரி இருக்கும்தானே என்று துடைத்துக்கொண்டேன். புகை வடிகட்டி (எல்லோரும் டிபிஎஃப் என்பார்கள்) பொருத்தி வந்த வண்டியில் அது நன்றாக இருந்தால், குழாயின் உட்புறம் கிட்டத்தட்ட சுத்தமாக இருக்க வேண்டும். பிரேக் பெடல் ரப்பரில் கோடுகளே இல்லை, கால் வைக்கும் இடம் கண்ணாடி போல வழவழப்பு. டிரெய்லர் கொக்கி மாட்டும் ஓட்டை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. "எப்பவாவது ஒரு சின்ன டிரெய்லர் இழுப்பேன்" என்றார். சரி என்றேன்.

பதினோராவது நாள் டிரெய்லரை மாட்டிக்கொண்டு முதல் ஏற்றம். பாதி ஏறுவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டினால், கூலன்ட் பாட்டில் மூடி வழியாகக் கொதித்து வழிகிறது. ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, டிரெய்லரை அங்கேயே விட்டுவிட்டு காலி வண்டியை ஓட்டினால் முள் அசையவே இல்லை. இதுதான் என்னைக் குழப்பியது. பாரம் இல்லாவிட்டால் வண்டி ராஜா.

ஒர்க்‌ஷாப் அண்ணன் ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்தச் சொல்லி, காலையில் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் என் கையைப் பிடித்து ரேடியேட்டர் மேல் ஹோஸ் மேல் வைத்தார். கட்டை போல விறைத்திருந்தது. "தம்பி, ஆறின வண்டியில இது துணி மாதிரி அமுங்கணும்" என்றார். ஹெட் கேஸ்கட் (சிலிண்டருக்கும் அதன் மேல் மூடிக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) வழியாக சிலிண்டர் காற்று கூலன்டுக்குள் போய் அடைந்துகொண்டிருக்கிறது. பாரம் இழுக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அப்போது கசிவும் கூடும், தண்ணீரை வெளியே தள்ளிவிடும். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் ஊற்றிய கண்ணாடிக் குழாயை வைத்து இன்ஜினை ஓடவிட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறியது, சிலிண்டர் காற்று கசிவது உறுதி.

அப்புறம் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார். அதைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. இன்ஜின் ஓடிய நேரம் 7,150 மணி. மீட்டர் சொல்கிற கிலோமீட்டரை இதால் வகுத்தால் மணிக்குப் பதினாறு கிலோமீட்டர்கூட வரவில்லை. சைக்கிளே அதைவிட வேகமாகப் போகும். கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு கணக்கு பதிந்திருந்தது: 2,86,000. வகுத்துப் பாருங்கள், சரியாக நாற்பது. மீட்டரில் எண்ணை மாற்றியவர் அங்கே மாற்ற மறந்துவிட்டார். எல்லா வண்டியிலும் இப்படி இரண்டாவது இடத்தில் கணக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஓடிய மணி நேரத்தைப் பல வண்டிகளில் ஸ்கேனரில் பார்க்கலாம், சிலவற்றில் மீட்டர் திரையிலேயே பார்க்கலாம். நான் பார்க்கவில்லை.

டிபிஎஃப் டப்பாவைத் தட்டினார், தகர டின் சத்தம். உள்ளே ஒன்றுமில்லை. குடைந்து எடுத்துவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க சாஃப்ட்வேரையும் மாற்றியிருக்கிறார்கள். பல நாடுகளில் இது சட்டப்படி தப்பு, புகைப் பரிசோதனைக்குப் போனால் மாட்டுவது விற்றவர் இல்லை, நான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நல்ல டிபிஎஃப் இருந்திருந்தாலும் என் ஆறு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அது சீக்கிரம் அடைத்துக்கொண்டிருக்கும். சேர்ந்த கரியை எரிக்க அதற்கு அறுநூறு டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். பாதியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால், எரிக்க அனுப்பிய டீசல் ஆயிலில் போய்க் கலக்கும். பக்கத்தில் போய்வரவே வண்டி என்றால் டீசலே வேண்டாம் என்பது இப்போது என் கட்சி.

விற்றவருக்கு போன் பண்ணினேன். "போகும்போது நல்லாத்தானே ஓடிச்சு சார்?" என்றார். மீட்டரைப் பற்றிக் கேட்டதும் பேப்பரை எடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன். "மீட்டர் காட்டும் அளவு 1,12,000" என்று இருந்தது, ஓடிய தூரம் என்று எங்கேயும் இல்லை. கீழே "உள்ளது உள்ளபடி" என்று ஒரு வரி, அதற்கும் கீழே என் கையெழுத்து. அன்றைக்கு "காட்டும்" என்ற ஒரு சொல்லை நிதானமாகப் படித்திருந்தால் போதும். புகார் கொடுத்திருக்கிறேன், நடந்துகொண்டிருக்கிறது.

அடுத்த வண்டியைத் தேடியபோது வேறு மாதிரி போனேன். முதல் நாளே போன் பண்ணி, "காலையில வருவேன், நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுவேன். போனதும் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பேன். இரண்டு இடத்தில் சூடாக இருந்தது, ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், கேட்டுக்கொண்டே கிளம்பிவிட்டேன். ஓடவிட்டு ஆயில் மூடியைக் கழற்றி ஓட்டையின் மேல் கவிழ்த்து வைப்பேன். லேசாக ஆடினால் பரவாயில்லை, தூக்கி எறிந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து காற்று கீழே இறங்குகிறது என்று சந்தேகப்படலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். 'கம்பெனி டயரே இன்னும் மாத்தல' என்பவரிடம் இதை வைத்துப் பேசலாம். ஸ்கேனர் மாட்டிப் பார்த்து, வண்டி தனக்குத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் பல 'முடியவில்லை' என்று காட்டினால் கோளாறுப் பதிவுகளைச் சமீபத்தில்தான் அழித்திருக்கக்கூடும்.

இழுவைக் கணக்கிலும் நான் முட்டாளாகத்தான் இருந்தேன். எத்தனை டன் இழுக்கும் என்று மட்டும் பார்த்தேன். டிரெய்லர் கொக்கியின் மேல் அழுத்தும் எடை, வழக்கமாக டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம், வண்டி சுமக்கிற எடைக் கணக்கில்தான் சேரும். எனக்கு அது இருநூறு கிலோ. அதோடு நாலு பேர், பின்னால் சாமான். கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் எடைப் பட்டியலைப் பார்த்தபோதுதான் மிச்சம் எவ்வளவு குறைவு என்று தெரிந்தது. கமான் பட்டை நிமிர்ந்துபோய்ப் பின்பக்கம் உட்கார்ந்த வண்டி என்றால், முன்னால் வைத்திருந்தவரும் இந்தக் கணக்கைப் போடவில்லை என்று அர்த்தம்.

கடைசியில் வாங்கியது 2,10,000 ஓடிய வண்டி. காலையில் ஸ்டார்ட் பண்ணியபோது கொஞ்சம் இழுத்தது, கொஞ்சம் புகைந்தது. "மூணாவது நாசில் வீக்கா இருக்கு, செக் பண்ணின பில் இந்தா" என்று அந்தப் பெரியவரே எடுத்துக் கொடுத்தார். நாசிலை மாற்றியாயிற்று, அதே ஏற்றத்தில் அதே டிரெய்லரோடு ஏறிவிட்டது. தினசரி ஆறு கிலோமீட்டருக்கு இப்போது ஸ்கூட்டர்.

பழைய வண்டி இன்னும் ஒர்க்‌ஷாப்பில்தான் நிற்கிறது. புகார் முடிந்ததும், மீட்டர் பொய் என்று எழுதிக் கொடுத்துத்தான் விற்பேன். இதுவரை மூன்று பேர் விசாரித்தார்கள். மூவரும் முதலில் கேட்டது, "எவ்வளவு ஓடியிருக்கு சார்?"