நெகட்டிவ் ஸ்கேன் செய்ய எது சரி: எப்சனா, பிளஸ்டெக்கா, கேமராவா?

ஸ்கேனர் பெட்டியில் போட்டிருக்கும் டிபிஐ எண்ணை (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்பதை) நம்பி முடிவெடுக்காதீர்கள். எப்சன் வி600 பெட்டியில் 6400 என்று இருக்கும். அளந்து பார்த்தால் உண்மையில் கிடைப்பது 1600-ஐ ஒட்டித்தான். 35 மிமீ ஃபிலிமில் ஒரு ஃபிரேம் 24க்கு 36 மிமீ. அந்தக் கணக்கில் 3.5 மெகாபிக்சல்கூடத் தேறாது. 6400-இல் ஸ்கேன் செய்தால் ஃபைல்தான் பெரிதாகும், படம் தெளியாது.

அதற்காக வி600-ஐ ஒதுக்கிவிட முடியாது. 120 ரோல் (35 மிமீயைவிட அகலமான ஃபிலிம்) வைத்திருப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். 6க்கு 6 செமீ நெகட்டிவ் என்றால் அதே 1600 டிபிஐயில் 12 மெகாபிக்சல் வந்துவிடும், நல்ல பிரிண்டுக்குப் போதும். தொல்லை எல்லாம் சுருண்ட ஃபிலிமால்தான். அது ஹோல்டரில் நடுவே வளைந்து நிற்கும். குரூப் போட்டோவில் ஓரத்தில் இருப்பவர் பளிச்சென்று இருக்க, நடுவில் இருப்பவர் முகம் மங்கிவிடும். ஸ்லீவில் (ஃபிலிம் வைக்கும் உறையில்) போட்டு, கனமான புத்தகங்களுக்கு அடியில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் படிந்துவிடும்.

பிளஸ்டெக் 8200i ஸ்கேனர் 35 மிமீக்கு மட்டும்தான். 7200 என்பார்கள், 3000க்கு மேல் நிஜமாகவே தருகிறது. ஆனால் ஒவ்வொரு ஃபிரேமையும் கையால்தான் தள்ள வேண்டும். 36 படம் உள்ள ஒரு ரோலுக்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும். இதன் பலம் அகச்சிவப்புக் கதிர். கலர் ஃபிலிமின் சாயத்தை அது ஊடுருவிவிடும், தூசியும் கீறலும் மறிக்கும். மறித்த இடத்தை மட்டும் மென்பொருள் நிரப்பிவிடும். வி600-இலும் இந்த வசதி உண்டு. கருப்பு வெள்ளைக்கு இதை அணைத்துவிடுங்கள்: அதில் உருவமே வெள்ளித் துகள்தான், வெள்ளியும் கதிரை மறிக்கும், அதனால் படத்தையே அழுக்கென்று நினைத்து அழித்துவிடும்.

கருப்பு வெள்ளை ரோல்கள் நிறைய இருந்தால் என் ஓட்டு கேமராவுக்கு. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா, 1:1 மேக்ரோ லென்ஸ் (ஃபிரேமை அதே அளவில் சென்சாரில் விழவைப்பது), சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 95க்குக் குறையாத எல்இடி பலகை, ஃபிலிமை இழுத்துப்பிடிக்கும் ஹோல்டர். கணக்குப் போட்டால் 4200 டிபிஐ வருகிறது, ஒரு ரோல் சில நிமிடத்தில் முடிகிறது. கேமரா நேராக நிற்கிறதா என்று பார்க்க, ஃபிலிம் வைக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடி ஒன்றை வையுங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் விழுந்தால் சரி. தூசியைப் புளோயரால் ஊதித்தான் ஆக வேண்டும், இங்கே அகச்சிவப்பு உதவிக்கு வராது. கலர் நெகட்டிவின் ஆரஞ்சு நிறத்தைக் கழிப்பதும் நம் தலையில்தான். அதற்கு நெகட்டிவ் லேப் புரோ போன்ற மென்பொருள் வேண்டும்.

தனி அடாப்டர் மாட்டினால் வெட்டாத ரோலை அப்படியே விழுங்கும் நிக்கான் கூல்ஸ்கேன் 5000 ஸ்கேனர் பிரமாதமான கருவி. தயாரிப்பு நின்று பல வருடம் ஆகிவிட்டது, பழுதுபார்க்க ஆள் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். குட்டித் திரை வைத்த மலிவு ஸ்கேனர்கள், எந்த ரோலில் என்ன இருக்கிறது என்று பார்த்துக் குறித்துவைக்க உதவும். அதோடு சரி.