பில் இல்லாமல் வாங்கிய அடியுரம், ரூ. 9,400 நட்டம்: புழுதி விதைப்பு செய்வோருக்கு எச்சரிக்கை

காட்டுமன்னார்கோவில் பக்கம் புழுதியில், அதாவது தண்ணீர் கட்டாத காய்ந்த மண்ணில், நெல் விதைப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். ஒரு தனியார் உரக்கடையில் 4 ஏக்கருக்கு அடியுரமாக (விதைப்போடு இடும் உரமாக), தழைச்சத்தும் மணிச்சத்தும் தரும் டி.ஏ.பி. 4 மூட்டையும் 40 கிலோ ஜிங்க் சல்பேட்டும் வாங்கி, ரூ. 9,400 ஏமாந்து நிற்கிறேன். இரண்டுமே போலி என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

ஆவணிக் கடைசியில் கூட்டுறவுச் சங்கத்தில் டி.ஏ.பி. இருப்பு இல்லாததால், மழைக்கு முன் விதைத்தாக வேண்டிய அவசரத்தில், என் தகப்பனார் காலத்திலிருந்து பற்று வைத்து வாங்கும் அந்தக் கடைக்குப் போனேன். மூட்டையில் ரூ. 1,350 என்று அச்சிட்டிருக்க, தட்டுப்பாடு என்று சொல்லி ரூ. 1,450 வாங்கினார்கள். உர விற்பனையைப் பதியும் கைரேகைக் கருவி வேலை செய்யவில்லை என்றார்கள். "நமக்குள்ள பில்லு எதுக்குப் பெரியப்பா?" என்று முதலாளியின் மகன் கேட்டபோது, அவன் முறை சொல்லி அழைத்த அந்த ஒரு சொல்லை நம்பித் தலையாட்டிவிட்டேன். மூட்டை வாய் கைத்தையலாக இருந்ததை வண்டியில் ஏற்றும்போதே பார்த்தேன். அப்போதே திருப்பி இறக்கியிருக்க வேண்டும்.

விதைத்து 30 நாள் கடந்தும் பயிர் தூர் கட்டவில்லை (பக்கத் தண்டுகள் விடவில்லை); கீழ் இலைகளில் தவிட்டு நிறப் புள்ளிகள் விழுந்தன. கடையில் போய்க் கேட்டதற்கு, "புழுதி நெல்லுல இரும்புச் சத்துக் குறைதான் வரும், அன்னபேதி அடிங்க" என்று, இரும்பு உப்பைத் தெளிக்கச் சொல்லி அனுப்பினார்கள். தண்ணீர் நிற்காத மண்ணில் இரும்பு பயிருக்கு எட்டாமல் போவது உண்மைதான், ஆனால் அந்தக் குறையில் வெளுப்பது குருத்திலை. என் வயலில் குருத்து வெளுக்கவே இல்லை. மறுமுறை போனபோது முதலாளி ஊரில் இல்லை என்றார்கள். அதன்பின் தொலைபேசியை எடுக்கவில்லை. கடைசியில் நேரில் பிடித்தபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "பில் இருக்கா?"

நேற்று பக்கத்து வயல்காரர், ஆடியிலேயே சங்கத்தில் வாங்கியிருந்த டி.ஏ.பி.யில் கொஞ்சம் எடுத்து, வெற்றிலைச் சுண்ணாம்பு வைத்து உள்ளங்கையில் தேய்த்தார். அசல் டி.ஏ.பி.க்கு அடையாளமான, மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தது. என் மூட்டையடியில் ஒட்டியிருந்த குருணையைத் தேய்த்தால் சுண்ணாம்பு வாசனைதான் வந்தது, நகம் பட்டதும் மண்ணாக உதிர்ந்தது. அவருடைய டி.ஏ.பி. கரைசலில் என் ஜிங்க் கரைசலை ஊற்றினோம். உண்மையான ஜிங்க் என்றால் திரிந்த பால்போல் கட்டி கட்டியாகத் திரள வேண்டும், ஒன்றும் திரளவில்லை. ஜிங்க் என்ற பெயரில் விலை குறைந்த மெக்னீசியம் சல்பேட்டைத் தள்ளிவிடுவது வழக்கம் என்றார் அவர்.

ரூ. 9,400 பெரிய தொகைதான், அதைவிட வயிறு எரிவது வேறொன்றுக்காக. ஜிங்க் குறைக்காவது இலைவழித் தெளிப்பு இருக்கிறது. டி.ஏ.பி. தர வேண்டிய மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் நகராது. சேற்று வயலில் தண்ணீர் நின்றால் மண்ணில் கட்டுண்டிருப்பதும் ஓரளவு விடுபடும், புழுதியில் அந்த வழியும் இல்லை. விதையோடு வேருக்கருகே விழ வேண்டியதை முளைத்த பயிருக்கு மேலாகத் தூவிப் பயனில்லை.

ரசீது இல்லாமல் ஒரு கிலோ உரம்கூட வாங்காதீர்கள். அதைக் கொடுப்பது 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கடைக்காரரின் கடமை. விதைப்பதற்கு முன்பே சுண்ணாம்பு வைத்துத் தேய்த்துப் பாருங்கள். காலிச் சாக்கைச் சான்றுக்காக எறியாமல் வையுங்கள். ஜிங்க்கை டி.ஏ.பி.யோடு கலக்காமல் மணலில் கலந்து தனியாகத் தூவுங்கள். சந்தேகம் வந்தால் கடையில் அந்த மூட்டைகள் தீர்வதற்குள் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். நான் நாளைக் காலை போகிறேன்.