மிதவையா, கடலடி ஏடிசிபியா, ரேடாரா: அலை அளக்க எது எதற்கு?

கடலுக்குள் தளமோ காற்றாலைத் தூணோ வடிவமைப்பவருக்கு மூன்று விதத் தரவு வேண்டும். உலோகச் சோர்வுக் (திரும்பத் திரும்ப விழும் சுமையால் உலோகம் பலவீனமாவது) கணக்குக்கு அலைகளின் உயரம், காலம், திசை. தூணில் விழும் விசைக்கு ஆழவாரியான நீரோட்டம். மேல்தளத்தை எத்தனை மீட்டரில் வைப்பது என்பதற்கு முகட்டின் உயரம். ஒரே கருவியில் மூன்றையும் முடித்துவிடலாம் என்று நினைத்து டெண்டர் எழுதும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

மிதவை

நெதர்லாந்தின் டேட்டாவெல் வேவ்ரைடர்தான் இதில் அதிகம் புழங்குவது. 0.9 மீட்டர் விட்டமுள்ள உருண்டை. உள்ளே இருக்கும் முடுக்கமானியின் அளவை இருமுறை தொகையிட்டு ஏற்ற இறக்கம் பெறப்படுகிறது. இப்படித் தொகையிடும்போது மெதுவான அலைகளில் இரைச்சல் பெருகும். அதனால் 30 விநாடிக்கு மேற்பட்ட காலமுள்ள அலைக்கு இதை நம்பக்கூடாது.

நங்கூரக் கயிற்றில் உள்ள ரப்பர் பகுதிதான் இதன் உயிர். அது நீண்டு கொடுப்பதால்தான் மிதவை அலையோடு ஏறி இறங்குகிறது. செலவு மிச்சம் என்று அதை விட்டு வெறும் கயிறு போட்டால், பெரிய அலையில் கயிறு விறைத்து மிதவையை இழுத்துப் பிடிக்கும். முகடு வெட்டப்பட்டுப் பதிவாகும். வேகமான நீரோட்டத்திலும் இதே கதை. இழுவலையில் சிக்குவது, படகு கட்டப்படுவது எல்லாம் வழக்கமான இழப்புகள்.

சோர்வுக் கணக்குக்கு இதுவே சிறந்தது என்பது எங்கள் கணிப்பு. மேல்தள உயரத்துக்கு மட்டும் வேண்டாம். மிதவை நீரோடு சேர்ந்து முன்னும் பின்னும் நகர்வதால், கூரான முகடும் தட்டையான அகடும் பதிவில் ஏறக்குறைய சமச்சீராகிவிடும். குறுகிய முகடுகளைச் சுற்றி வழுக்கியும் போய்விடும்.

கடலடி ஏடிசிபி

ஏடிசிபி (ADCP) என்பது கடலடியில் சட்டகத்தில் உட்கார்ந்து மேல்நோக்கி ஒலி அனுப்பி, திரும்பும் எதிரொலியால் நீரோட்டத்தை அளக்கும் கருவி. நார்டெக் நிறுவனத்தின் ஏவாக் கருவி என்றால் 25 பாகை சாய்ந்த மூன்று கற்றைகளும், நீர்மட்டத்தைத் தேடும் ஒரு செங்குத்துக் கற்றையும் உண்டு. நீரோட்டத்தை அடுக்கடுக்காகத் தருவது இந்த மூன்றில் இது ஒன்றுதான். இழுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். நீரோட்ட வேகத்தில் 10% பிழை விசையில் 21% ஆகிவிடும். அதனால் இதைத் தவிர்க்க வழியில்லை.

மேல்மட்டத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. பக்கக் கற்றைகள் நீர்ப்பரப்பில் பட்டு எதிரொலிப்பதால், 25 பாகைக் கருவியில் நீர்ப்பரப்பை ஒட்டிய மேல் 9% தூரத்தில் நீரோட்டத் தரவு கெட்டுவிடும். 30 மீட்டரில் அது கிட்டத்தட்ட 3 மீட்டர். காற்று உந்தும் நீரோட்டம் வலுவாக இருப்பதோ அங்கேதான்! புயலில் நுரை நிறைந்தால் செங்குத்துக் கற்றையும் நீர்மட்டத்தைத் தொலைக்கும். அப்போது அழுத்த உணரியை மட்டும் நம்ப முடியாது: 20 மீட்டர் ஆழத்தில், 5 விநாடி அலையின் அழுத்தத்தில் சுமார் 8% தான் அடிக்கு வந்து சேர்கிறது.

இரும்புச் சட்டகம் காந்தத் திசைகாட்டியைக் கெடுக்கும். சட்டகத்தில் பொருத்திய பிறகே, பேட்டரியோடு சேர்த்துத் திசைகாட்டியைச் சரிபார்க்க வேண்டும்.

ரேடார், லேசர்

தளத்திலிருந்து கீழ்நோக்கி நீர்மட்டத்தை அளப்பவை. நிலையான இடத்திலிருந்து பார்ப்பதால் முகட்டின் உண்மை வடிவம் கிடைக்கிறது. 1995 ஜனவரி 1 அன்று வட கடலின் டிராப்னர் தளத்தில் பதிவான 25.6 மீட்டர் அலை, லேசரால் அளக்கப்பட்டது. அப்போது குறிப்பிடத்தக்க அலை உயரம் (உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி) சுமார் 12 மீட்டர். முகடு மட்டும் 18.5 மீட்டர்.

குறைகளும் உண்டு. ஒற்றைக் கருவியில் திசை தெரியாது. தெறிக்கும் நீர்த்துளியை முகடாக எண்ணிவிடும். தளத்தின் கால்களில் மோதித் திரும்பும் அலையும் கலக்கும். அலை வரும் பக்கத்தில், கால்களிலிருந்து தள்ளிப் பொருத்துவது பாதி மருந்து. தளமே இல்லாத புது இடத்தில் கருவியை எங்கே மாட்டுவது என்பது வேறு கேள்வி.

புது இடத்துக்கு மிதவையும் ஏடிசிபியும் அருகருகே, குறைந்தது ஓராண்டு. அந்த ஓராண்டை வைத்து 100 ஆண்டு அலையை (சராசரியாக நூறாண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கப்படும் அலை) நேரடியாக நீட்டிக் கணக்கிடக் கூடாது. பல பத்தாண்டுகளுக்குக் கணினி மாதிரி கணித்துத் தரும் தரவைச் சரிபார்க்கவே அது. தரவு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது திசை மரபு: அலைக்கு வழக்கமாக எங்கிருந்து வருகிறது என்பது, நீரோட்டத்துக்கு எங்கே போகிறது என்பது. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால் 180 பாகை பிழையோடு வடிவமைப்பு நகரும்.